அம்மாவின் மறதி எனக்கும் வருமா? மரபணுவும் மறதி நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோயில் மண்டபம் ஒன்றில் மாதம் ஒருமுறை, ஞாயிறு பிற்பகலில் கூடுகிறோம். மறதி நோய் வந்த அம்மாவை, அப்பாவை, கணவரை, மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள். தேநீரும் வடையும் தீரும்வரை பேச்சு டயப்பர் விலையிலும் தூக்க மாத்திரையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இது இரத்தத்தில் வருவதா?" என்று கேட்பார். நான் மருத்துவர் அல்லள். தமிழ் வகுப்பு நடத்துகிறவள். அம்மாவை ஒன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். அந்த ஆண்டுகளில் மருத்துவர்களை நச்சரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்துவிட்டது. எனக்கும் வருமா?

பதிலுக்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: அம்மாவுக்கு எந்த வயதில் தொடங்கியது?

நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ தொடங்கி, அவருடைய அப்பா அல்லது அம்மாவுக்கும் அதே வயதில் வந்து, உடன்பிறந்தவர்களில் பாதிப் பேருக்கும் வந்திருந்தால், அது தனி வகை. மறதி நோய்களில் மிகப் பரவலான அல்சைமர் நோயில் இப்படி நேரடியாக இறங்கும் மரபணுக்கள் மூன்று உண்டு. 21ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிபி மரபணுவின் பிறழ்வு 1991இல் கண்டறியப்பட்டது. 14ஆம் குரோமோசோமின் பிரிசெனிலின்-1, முதல் குரோமோசோமின் பிரிசெனிலின்-2 இரண்டும் 1995இல் தெரியவந்தன. பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. வந்துவிட்டால் நோயும் கிட்டத்தட்ட உறுதி. ஆனால் அல்சைமர் நோயாளிகள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் இந்த வகையினர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் அம்மாக்களுக்கு எழுபத்து நான்கில், எண்பதில் தொடங்கியிருக்கும். அது வேறு கதை. அங்கே மரபணு தீர்ப்பு எழுதுவதில்லை, தராசில் ஒரு படிக்கல்லை வைக்கிறது. ஸ்வீடனின் இரட்டையர்களை வைத்து 2006இல் வெளியான ஆய்வு, அல்சைமர் வருவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 58 முதல் 79 விழுக்காடுவரை மரபு சார்ந்தது என்று கணக்கிட்டது. அந்த எண்ணைக் கண்டதும் நெஞ்சில் கை வைக்காதீர்கள். "எனக்கு வர 79 விழுக்காடு வாய்ப்பு" என்பது அதன் பொருள் அல்ல. மக்கள் கூட்டத்தைப் பற்றிய எண் அது, உங்களைப் பற்றியது அல்ல.

இ4, இ4 என்கிறார்களே, அது என்ன?

ஏபிஓஇ என்பது 19ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்றை உண்டாக்குகிறது. இ2, இ3, இ4 என மூன்று வடிவங்கள். புரதத்தின் இரண்டே இரண்டு இடங்களில் ஓர் அமினோ அமிலம் மாறுவதுதான் இவற்றுக்குள் உள்ள வேறுபாடு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நம் எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு இ3. இ4க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993இல் தெரியவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஓர் இ4 இருந்தால் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். இ2 ஓரளவு காக்கிறது.

இ4 உள்ள பலர் தொண்ணூறு வயதில் பேரன் பெயரைத் தவறாமல் சொல்லி அழைக்கிறார்கள். இ4 இல்லாத பலருக்கு நோய் வருகிறது. என் அம்மாவுக்கு எது இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவரைக் குளிப்பாட்டியது நான்தான்.

மரபணு நோயின் வேகத்தையும் தீர்மானிக்கிறதா? பக்கத்து வீட்டு மாமா மூன்று ஆண்டுகளில் போய்விட்டார், என் மாமியார் பன்னிரண்டாவது ஆண்டில் இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தொடங்குவது வேறு, தொடங்கியபின் ஓடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

இ4 நன்றாகச் செய்யும் வேலை, தொடக்கத்தை முன்னுக்கு இழுப்பது. மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிவது அறிகுறிகளுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இ4 உள்ளவர்களிடம் அது இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது. 2024இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இரண்டு இ4 பிரதிகள் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் 65 வயதுக்குள் அமிலாய்டு அளவு மாறியிருந்தது. ஆனால் நோய் வெளிப்பட்டபின் இ4 ஆளை வேகமாகக் கீழே தள்ளுகிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் நினைவாற்றல் வேகமாகக் குறைந்தது, சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை.

வேகத்தோடு தொடர்புடைய வேறு மரபணுக்கள் உண்டு. நரம்பணுக்களைப் பேணும் பிடிஎன்எஃப் என்னும் புரதத்தின் மரபணுவில் 'மெட்' வகை உள்ளவர்களுக்கு, அமிலாய்டு ஏற்கெனவே படிந்திருந்தால், நினைவு வேகமாகச் சரிவதாகப் பல ஆய்வுகள் கண்டன. பார்க்கின்சன் நோயில் ஜிபிஏ மரபணுப் பிறழ்வு இருந்தால் அறிவாற்றல் சீக்கிரம் சரிகிறது. எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று, பரம்பரையாக இறங்கும் மூளை நோயான ஹன்டிங்டன். அந்த நோயின் மரபணுவில் மூன்றெழுத்து டிஎன்ஏ குறி ஒன்று நாற்பது முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கை கூடக்கூட நோய் சீக்கிரம் தொடங்கும். ஆனால் ஒரே எண்ணிக்கை உள்ள இருவருக்குள்ளும் பல ஆண்டு வேறுபாடு இருக்கும். காரணம் தேடிப்போனபோது டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்கள் அகப்பட்டன. ஃபேன்1 தொடக்க வயதை நகர்த்துகிறது, எம்எஸ்எச்3 ஓடும் வேகத்தையும் நகர்த்துகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் காணும் வேகத்துக்குப் பெரும்பாலும் இவையெல்லாம் காரணம் அல்ல. எண்பது வயது மூளையில் அல்சைமர் மட்டும் தனியாகக் குடியிருப்பது அரிது. சின்னச் சின்ன இரத்தக்குழாய் அடைப்புகள், லூயி உடல்கள் என்னும் புரதத் திரள்கள், டிடிபி-43 என்னும் இன்னொரு புரதம் எனப் பலவும் சேர்ந்தே இருக்கும். எத்தனை நோய் சேர்ந்திருக்கிறதோ அத்தனை வேகம்.

அம்மாவின் ஐந்தாம் ஆண்டில் ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழானது. திங்களன்று தானே சோறு பிசைந்து சாப்பிட்டவர், சனிக்கிழமை தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். வந்த உறவுக்காரர்கள் எல்லோரும், "அவர்கள் பரம்பரையே அப்படித்தான், கடைசியில் கடகடவென்று போகும்" என்றார்கள். சிறுநீரில் தொற்று. ஏழு நாள் மருந்தில் அம்மா திரும்பிவந்தார். முழுவதுமாக இல்லை, முக்கால்வாசி வந்தார். ஒரு வாரத்தில் வரும் சரிவு மரபணுவின் வேலை அல்ல. தொற்றா, மலச்சிக்கலா, விழுந்து தலையில் அடிபட்டதா, புதிதாகக் கொடுத்த மாத்திரையா என்று பாருங்கள். தூக்கத்துக்கும் சிறுநீர் அடக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நினைவை மேலும் கலக்கும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அக்காவுக்கு 58இல் வந்தது, அண்ணனுக்கு 80இலும் ஒன்றுமில்லை. எப்படி?

உடன்பிறந்தவர்கள் ஒரே சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த வெவ்வேறு கைகள். பாதி ஒத்திருக்கும், பாதி ஒத்திருக்காது. நேரடிப் பிறழ்வு இருவருக்கும் வந்திருந்தாலும்கூட மற்ற மரபணுக்கள் குறுக்கே வரும். குணத்தை மாற்றும் வேறொரு வகை மறதி நோயைத் தரும் (அதைப் பின்னால் சொல்கிறேன்) ஜிஆர்என் என்ற மரபணுவின் பிறழ்வு இதற்கு நல்ல சான்று. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நாற்பதில் நோய் வரும், இன்னொருவருக்கு எழுபது தாண்டியும் வராது. டிஎம்இஎம்106பி என்ற வேறொரு மரபணுவின் காக்கும் வகை இருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பே குறைகிறது.

பிறழ்வு இருந்தும் நோய் தள்ளிப்போனவர்கள் உண்மையிலேயே உண்டா?

உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் பிரிசெனிலின்-1 பிறழ்வு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் பெரிய உறவுக்கூட்டம் இருக்கிறது. பிரான்சிஸ்கோ லோப்பெரா என்ற நரம்பியல் மருத்துவர் பல பத்தாண்டுகள் அவர்கள் வீடு வீடாகப் போய்க் குடும்ப மரங்களை வரைந்தார். அந்தக் குடும்பங்களில் நாற்பதுகளின் நடுவில் மறதி தொடங்கிவிடும். அதே பிறழ்வு இருந்த ஒரு பெண்மணிக்கு எழுபதுகளில்தான் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தபோது மூளை நிறைய அமிலாய்டு. ஆனால் நரம்பணுவைக் கொல்லும் டௌ புரதம் மிகக் குறைவாகவே பரவியிருந்தது. அவரிடம் ஏபிஓஇ இ3இன் 'கிறைஸ்ட்சர்ச்' என்னும் அரிய வகை இரண்டு பிரதிகள் இருந்தன. 2019இல் இது வெளியானது. 2024இல் அந்த உறவுக்கூட்டத்தில் ஒரே பிரதி உள்ள 27 பேரைப் பார்த்தபோது, அவர்களுக்கும் தொடக்கம் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இதற்கிடையே 2023இல் ரீலின் மரபணுவின் வேறொரு வகையால் 67 வயதுவரை தப்பித்த ஓர் ஆண் பற்றியும் செய்தி வந்தது.

அந்தப் பெண்மணிக்குத் தள்ளிப்போனது ஏறக்குறைய முப்பது ஆண்டு! இப்போது ஆய்வுக்கூடங்கள் கிறைஸ்ட்சர்ச் வகையைப் போலச் செயல்படும் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

நாங்கள் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உள்ளவர்கள். அதனால்தான் வந்ததா?

எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே நேட்டாலுக்கு வந்தபின்னும் பல தலைமுறைக்கு அந்த வழக்கம் தொடர்ந்தது. என் தாத்தாவும் ஆயாவும் முறை உறவுதான். எனவே இதைக் கொஞ்சம் கணக்காகவே போட்டுப் பார்த்தேன்.

நேரடியாக இறங்கும் பிறழ்வுக்கு ஒரு பிரதி போதும். அங்கே சொந்தத்தில் மணந்தாலும் அயலில் மணந்தாலும் ஒன்றுதான். இரண்டு பிரதி தேவைப்படும் இடத்தில்தான் சொந்தம் கூட்டும். மக்களிடம் உள்ள ஏபிஓஇ பிரதிகளில் பத்தில் ஒன்று இ4 என்று வைத்துக்கொள்வோம். அயலில் மணந்தவர்களின் பிள்ளைகளில் நூற்றில் ஒருவருக்கு இரண்டு இ4 அமையும். மாமன் மகள், அத்தை மகள் உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளில் அது ஏறக்குறைய ஒன்றரையாகும். அக்கா மகளைக் கட்டினால் இரண்டு. கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் ஒன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன தாத்தாவையும் ஆயாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லையே?

இருந்திருக்கும், அந்தப் பெயரில் இருந்திருக்காது. "வயதாகிவிட்டது", "பித்து", "காற்றுச் சேட்டை", "சின்னப்பிள்ளை ஆகிவிட்டார்" என்று சொல்லியிருப்பார்கள். அல்லது நோய் வரும் வயதுவரை அவர்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களைத் தோண்டி எடுத்துக் கொள்ளுத்தாத்தாவின் எண்ணையும் ஊரையும் கண்டுபிடித்துச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ. அதே வீட்டில், "உங்கள் ஆயா எந்த வயதில் மறக்கத் தொடங்கினார்?" என்று கேட்டால் விழிப்பார்கள். மருத்துவருக்கு முதலில் வேண்டியது கப்பல் எண் அல்ல, இந்த வயது.

எச்சில் சோதனை செய்து பார்த்துவிடலாமா?

எங்கள் குழுவில் ஒருவரின் தம்பி, எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று தெரிந்துகொள்ளவே குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினார். ஊர் சரியாகத் தெரியவில்லை. உடல்நலப் பக்கத்தைத் திறந்தபோது, இரண்டு இ4 பிரதிகள் என்று வந்துவிட்டது. அவர் அதை "எனக்கு அல்சைமர் இருக்கிறது" என்று படித்துக்கொண்டார். கார் சாவியைத் தேடும் ஒவ்வொரு முறையும் முகம் வெளுத்துவிடும். அவருக்கு வயது நாற்பத்தொன்று.

அறிகுறி இல்லாதவர்கள் இ4 பார்ப்பதற்கு நான் ஆதரவில்லை. முடிவு தெரிந்து நாளையே செய்யப்போவது, தெரியாமலும் செய்ய வேண்டியதுதான். இளவயதில் தொடங்கிய நோய் குடும்பத்தில் இருந்தால் நிலைமை வேறு. அப்போதும் முதலில் மரபணு ஆலோசகர், பிறகுதான் ஊசி. முடிந்தால் நோய் உள்ளவரிடமே முதலில் சோதிக்க வேண்டும். எந்தப் பிறழ்வைத் தேடுகிறோம் என்று அப்போதுதான் தெரியும். சிறு பிள்ளைகளுக்குச் சோதிக்கவே கூடாது. வளர்ந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் கேட்டதற்கெல்லாம் உண்மை சொல்ல வேண்டும். கையில் முடிவை வைத்துக்கொண்டு மறைத்தால் பின்னால் பணத்தை மறுத்துவிடலாம். எந்த வரிசையில் செய்வது என்று முன்பே யோசியுங்கள்.

வெள்ளைக்காரர்களை வைத்துச் சொன்ன எண்கள் நமக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. நைஜீரியாவின் இபாதானில் யோருபா மக்களிடம் இ4 நிறைய இருந்தது, ஆனால் நோயோடு அதன் தொடர்பு பலவீனமாக இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியில் இ4ஐச் சுற்றியுள்ள டிஎன்ஏ பகுதியே வேறுபட்டு, அதன் வீரியத்தைக் குறைப்பதாகத் தெரிகிறது. 2022இல் அல்சைமரோடு தொடர்புடைய 75 மரபணு இடங்களைப் பட்டியலிட்ட பெரிய ஆய்வும் ஐரோப்பிய வம்சாவளியினரையே பெரிதும் சார்ந்தது. "உங்கள் மரபணு ஆபத்து மதிப்பெண் இவ்வளவு" என்று விற்பவர்கள், யாருடைய இரத்தத்தை வைத்து அளவுகோல் செய்தார்கள் என்று கேளுங்கள். தெற்காசியர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவது நாட்ச்3 மரபணுவின் சில வகைகள். மூளையின் சிறு இரத்தக்குழாய்களைத் தாக்குபவை. இளவயதுப் பக்கவாதமும் ஒற்றைத் தலைவலியும் மறதியும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மறதி இல்லை, ஆனால் அப்பாவின் குணமே மாறிவிட்டது. கடையில் திருடுகிறார், துக்க வீட்டில் சிரிக்கிறார்.

இது மூளையின் முன்பகுதியையும் பொட்டுப் பகுதியையும் தாக்கும் நெற்றிப்பொட்டு வகை மறதி நோயாக இருக்கலாம். பெரும்பாலும் 65க்கு முன்பே வரும். அல்சைமரைவிட இதில் குடும்ப வழி அதிகம். எம்ஏபிடி, ஜிஆர்என், சி9ஓஆர்எஃப்72 ஆகிய மூன்றும் முக்கிய மரபணுக்கள். 2011இல் தெரியவந்த கடைசி மரபணு, ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் குணமாற்றத்தையும் இன்னொருவருக்குத் தசைகள் செயலிழக்கும் நோயையும் கொடுக்கும். சித்தப்பாவுக்குக் கை கால் சோர்ந்துபோனதை "அது வேறு நோய்" என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். இந்தக் குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை கட்டாயம் வேண்டும்.

அம்மா ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் மட்டும் பேசுகிறார். இதுவும் மரபணுவா?

இல்லை. பின்னால் கற்றது முன்னால் போகிறது, அவ்வளவுதான். என் அம்மா மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது. 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கடைசி ஆண்டுகளில் சாயங்காலம் ஆனால் பையை எடுத்துக்கொண்டு கதவருகே நிற்பார், "வீட்டுக்குப் போக வேண்டும், குழாயில் தண்ணீர் வரும் நேரம்" என்பார். இடித்துத் தள்ளிய வீட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவது? பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. "தண்ணீர் பிடித்தாயிற்று, ஆயா" என்று ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தேன். பாதி நாள் அது போதுமாக இருந்தது.

புதிய மருந்துகளுக்கு மரபணுச் சோதனை வேண்டுமா?

லெக்கனமாப் 2023இலும் டொனனமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. அமிலாய்டை அகற்றுபவை, தொடக்கநிலை நோயாளிகளுக்கு மட்டும். பதினெட்டு மாதத்தில் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது என்பது லெக்கனமாபின் கணக்கு. நோயைத் திருப்பாது. பக்கவிளைவாக மூளையில் வீக்கம் வருவது, இரண்டு இ4 உள்ளவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கும், ஒன்று உள்ளவர்களில் 11 பேருக்கும், இல்லாதவர்களில் 5 பேருக்கும் நேர்ந்தது. எனவே இந்த மருந்தை யோசிப்பவர்களுக்கு மட்டும் ஏபிஓஇ சோதனை தேவை. பலருக்கு வீக்கம் வலியின்றிக் கடந்துபோகிறது, சிலருக்கு ஆபத்தாகிறது.

மரபணுவை மாற்ற முடியாது. பிறகு என்னதான் செய்வது?

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, காது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு என்பதைத் திருமண விருந்தில் இனிப்பை ஒதுக்கும் கைகளை எண்ணினாலே தெரியும். லான்செட் மருத்துவ இதழின் குழு வெளியிட்ட 2024 அறிக்கை, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. பின்லாந்தில் 1,260 முதியவர்களில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இ4 உள்ளவர்களுக்கும் பலன் கிடைத்தது. காது கேட்கும் கருவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் மாமாக்களே, எடுத்து மாட்டுங்கள்.

சொத்து, வங்கி விஷயம்?

மரபணுவோடு நேரடித் தொடர்பில்லை, ஆனால் எல்லோரும் இதில்தான் வழுக்கி விழுகிறோம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்த நாளிலேயே பவர் ஆஃப் அட்டர்னி செல்லாமல் போகிறது. பிறகு உயர் நீதிமன்றத்தில் கியூரேட்டர் (அவர் சார்பில் சொத்தைக் கவனிப்பவர்) நியமனம் கேட்க வேண்டும், அல்லது 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் நிர்வாகி நியமனம் கேட்க வேண்டும். முதல் வழி செலவு பிடிக்கும். நோய் தெரிந்ததும், அவர் இன்னும் தெளிவாக இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.

குடும்ப வரலாற்றை எப்படி எழுதுவது?

பள்ளி நோட்டு ஒன்று போதும். மூன்று தலைமுறை. ஒவ்வொருவருக்கும்: பிறந்த ஆண்டு, முதல் அறிகுறி என்ன, எந்த வயதில், எதனால் இறந்தார், எந்த வயதில். சர்க்கரை, பக்கவாதம், நடுக்கம் இருந்தனவா. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அத்தைகளைத் தனியாகக் கேட்காதீர்கள், இருவரை ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார். என் நோட்டில் ஆயாவுக்கான வரி இப்படி இருக்கிறது:

"ஆயா. பிறந்தது 1908 அல்லது 1909. எழுபத்தொன்றாம் வயதில் ஆடி மாதக் கூழுக்கு உப்பு இரண்டு முறை போட்டார் (பெரியத்தை). இல்லை, அது எழுபத்து மூன்று, என் கல்யாணத்துக்குப் பிறகு (சின்னத்தை). சர்க்கரை உண்டு. நடுக்கம் இல்லை. எண்பத்திரண்டாம் வயதில் இறந்தார்."